மலைக்கு முந்தியது ஆறு

நிலப்பரப்பு வடிவமைக்கும் மென்பொருள்களில் மலை எழுப்புவது அரை நிமிட வேலை. வேர்ல்ட் மெஷின், கேயா, டெராஜென், ஹூடினி என்று எதைத் திறந்தாலும் சரி, இரண்டு பொத்தான், மூன்று ஸ்லைடர், சிகரங்கள் தயார். ஆறு மட்டும் அத்தனை சுலபத்தில் வந்து சேராது. மலையைச் செய்து முடித்த கையோடு பிரஷ்ஷை எடுத்து, வளைத்து நெளித்து ஒரு நீலக்கோடு போட்டுப் பாருங்கள். மேலிருந்து பார்க்க ஆறு போலவே இருக்கும். கேமராவைக் கீழே இறக்கிக் கரையில் நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓரிடத்தில் தண்ணீர் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும். இன்னோரிடத்தில் குன்றின் விலாவில் ஒட்டிக்கொண்டு போகும். பள்ளத்தாக்கு ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம்.

கணினிக்கு நிலம் என்பது ஓர் எண் அட்டவணை. 1024 வரிசை, 1024 பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடத்தின் உயரம். ஹைட்மேப் என்பது இதைத்தான். மலை என்றால் ஒவ்வொரு கட்டத்தின் உயரத்தையும் தனித்தனியாக ஒரு சூத்திரத்தில் போட்டு எடுத்துவிடலாம்; பக்கத்துக் கட்டத்தைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. ஆறு விஷயத்தில் அது நடக்காது. ஒரு கட்டத்தில் ஆறு ஓடுமா, ஓடினால் எவ்வளவு அகலம் என்று அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அதற்கு மேலே கிடக்கும் நிலம் முழுவதையும், அதில் விழும் மழை முழுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வரைகலை உலகம் இதைப் பல ஆண்டுகள் பொருட்படுத்தவே இல்லை. 1980இல் சியாட்டிலில் நடந்த சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில், போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லோரன் கார்பென்டர் ‘வோல் லீப்ர்’ என்றொரு இரண்டு நிமிடப் படத்தைத் திரையிட்டார். கணினியே உருவாக்கிய மலைத்தொடர்களின் மேல் பறந்து செல்லும் படம். உத்தி எளிமையானது: ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குத்துமதிப்பாக மேலேயோ கீழேயோ நகர்த்து, கிடைக்கும் நான்கு முக்கோணங்களிலும் அதையே சற்றுச் சிறிய அளவில் செய், திரும்பத் திரும்பச் செய். ஃபிராக்டல் என்பது இதைத்தான். படத்தைப் பார்த்த லூகாஸ்ஃபிலிம்காரர்கள் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1982இல் வந்த இரண்டாவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில், உயிரற்ற ஒரு கோளில் மலைகள் முளைக்கும் காட்சி இந்த உத்தியில் வந்ததுதான்.

பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். ஆனால் அந்த மலைகளில் ஒரு கோளாறு இருந்தது. அவற்றைக் குப்புறக் கவிழ்த்தாலும் அதே மாதிரி மலைகள்தாம் கிடைக்கும். மேலே நகர்த்துவதற்கும் கீழே நகர்த்துவதற்கும் சம வாய்ப்பு என்பதால், எத்தனை சிகரமோ ஏறக்குறைய அத்தனை குழி. பூமியில் அப்படி இல்லை. பனியாறு குடைந்த இடங்கள், சுண்ணாம்புப் பாறை கரைந்த இடங்கள், வறண்ட பாலைகள் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டால், நாலாபுறமும் அடைபட்ட குழி நிலத்தில் அபூர்வம். எங்கே நின்று தண்ணீர் ஊற்றினாலும் அது வழி கண்டுபிடித்துக் கடலுக்குப் போய்விடுகிறது. பல கோடி ஆண்டுகளாக ஓடிய தண்ணீரே அந்த வழிகளை அறுத்து வைத்திருக்கிறது. ஃபிராக்டல் கணிதத்தின் தந்தை மாண்டெல்பிராட்டுக்கும் இந்தக் குறை உறுத்தியிருக்கிறது. 1988இல் வெளியான ‘தி சயின்ஸ் ஆஃப் ஃபிராக்டல் இமேஜஸ்’ நூலுக்கு அவர் எழுதிய பின்னிணைப்பே ஆறுகளுடன் கூடிய ஃபிராக்டல் நிலப்பரப்புகளைப் பற்றியதுதான்.

சரி, கையில் ஒரு மலை இருக்கிறது. அதில் ஆறு எங்கே ஓடும் என்று கண்டுபிடிப்பது எப்படி? வழி சொன்னவர்கள் வரைகலைக்காரர்கள் இல்லை, புவியியல்காரர்கள். 1984இல் ஓ’கலகன், மார்க் இருவரும் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள். அவற்றுள் எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். இதற்கு ‘டி8’ என்று பெயர்.

ஒரு கட்டத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். கட்டத்தின் பக்கம் 10 மீட்டர், நடுக்கட்டத்தின் உயரம் 84 மீட்டர். வடக்கேயும் மேற்கேயும் எல்லாம் 84ஐவிட உயரம். கிழக்கே 80, தெற்கே 79, தென்கிழக்கு மூலையில் 78. மிகத் தாழ்ந்தது தென்கிழக்குத்தானே, தண்ணீர் அங்கேதானே போக வேண்டும் என்று தோன்றும். போகாது. மூலைக்கட்டத்தின் மையம் 10 மீட்டரில் இல்லை, 14.14 மீட்டர் தள்ளி இருக்கிறது. 6 மீட்டர் இறக்கத்தை 14.14ஆல் வகுத்தால் 0.42. தெற்கே 5 மீட்டர் இறக்கத்தை 10ஆல் வகுத்தால் 0.5. தெற்குதான் ஜெயிக்கிறது. எது தாழ்வு என்பதைவிட எது செங்குத்து என்பதே தண்ணீருக்கு முக்கியம். மூலைத் தூரத்தையும் 10 என்றே எடுத்துக்கொள்ளும் நிரலில் ஆறுகள் காரணமில்லாமல் குறுக்குவாட்டில் இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். தாமாக நிரல் எழுதுபவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை இது.

பக்கத்துக் கட்டங்கள் எட்டுமே உயரமாக இருந்தால்? தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். ஃபிராக்டல் மலையில் இப்படிப்பட்ட குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, நிரப்புவது. நிலத்தின் விளிம்பிலிருந்து கடல் மெல்ல உயர்ந்து உள்ளே வருவதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியும் எந்த மட்டத்தில் வழியத் தொடங்குமோ அந்த மட்டம்வரை அதை ஏற்றிவிடுவது. குழி இருந்த இடம் ஏரியாகிவிடும்; ஏரிக்கு ஒரே ஒரு வாய். இரண்டாவது, உடைப்பது. குழியின் மிகத் தாழ்ந்த கரையை வெட்டித் தண்ணீரை வெளியேற்றுவது. அங்கே ஒரு குறுகிய மலையிடுக்கு உருவாகும்.

இயற்கை இரண்டையும் செய்கிறது, சில சமயம் ஒன்றன்பின் ஒன்றாக. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியை மூடியிருந்த பான்வில் ஏரி கடைசிப் பனியூழிக் காலத்தில் நிரம்பி, வடக்கே ஐடஹோவில் ரெட் ராக் கணவாய் வழியாக வழிந்தது. வழிந்த தண்ணீர் அந்த வாயையே அறுத்துத் தள்ளியது; ஏரி மட்டம் 100 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. அதன் மிச்சம்தான் இன்றைய கிரேட் சால்ட் ஏரி.

நிரப்பும் முறையில் ஒரு தொல்லை உண்டு. நிரப்பிய ஏரியின் தளம் கண்ணாடிபோல் சமமாக இருப்பதால் சரிவு என்பதே இல்லாமல் போய், ஆறுகள் அதன் குறுக்கே அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி இணைகோடுகளாக ஓடும். கற்பனை உலக வரைபடம் போடுகிறவர்கள் விரும்பிப் பயன்படுத்தும் வில்பர் என்ற இலவச மென்பொருளில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. குழிகளை நிரப்பு, ஓரிரு சதவீதம் மேடுபள்ளத்தைத் தூவு, மறுபடி நிரப்பு, பிறகு ஓடைகளை வெட்டச் சொல். இரண்டாவது முறை நிரப்புவதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். தூவிய மேடுபள்ளம் புதிய குழிகளைக் கொண்டுவந்திருக்கும்.

திசைகள் தெரிந்துவிட்டால் மிச்சம் வெறும் கூட்டல். எல்லாக் கட்டங்களையும் உயரவாரியாக வரிசைப்படுத்தி, உச்சியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டமும் தன் கணக்கைக் கீழே உள்ள கட்டத்திடம் ஒப்படைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அதற்கு மேலே எத்தனை கட்டங்களின் தண்ணீர் வந்து சேர்கிறது என்று தெரிந்துவிடும். 10 மீட்டர் கட்டத்தில் 5,000 கட்டங்கள் என்றால் அரை சதுர கிலோமீட்டர் வடிநிலம். அந்த அளவைத் தாண்டிய இடத்திலெல்லாம் ஓடை தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், இலை நரம்பு மாதிரி ஒரு வலைப்பின்னல் திரையில் தானாகப் படரும். எந்த அளவில் தொடங்குவது என்பது பாறை, மழை, மரம் எல்லாவற்றையும் பொறுத்தது. பாலைவனத்துக்கும் மழைக்காட்டுக்கும் ஒரே எண்ணை வைப்பது சோம்பேறித்தனம்.

இப்போது அகலம். திரையில் நான் பார்க்கும் ஆறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ஊற்றிலிருந்து கடல்வரை ஒரே அகலம். அல்லது இரண்டு துணையாறுகள் சேர்ந்ததும் அகலம் இரட்டிப்பு. இரண்டும் தவறு. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் லூனா லியோபோல்ட், தாமஸ் மேடாக் இருவரும் 1953இல் பல ஆறுகளின் அளவைகளைத் தொகுத்து ஒரு விதியைக் கண்டார்கள். ஆற்றோடு கீழே போகப் போக, நீரளவின் 0.5 அடுக்குக்கு ஏற்ப அகலமும், 0.4 அடுக்குக்கு ஏற்ப ஆழமும், 0.1 அடுக்குக்கு ஏற்ப வேகமும் கூடுகின்றன. அதாவது, சம அளவுள்ள இரண்டு ஆறுகள் கலந்தால் அகலம் 1.41 மடங்கு, ஆழம் 1.32 மடங்கு, வேகம் 1.07 மடங்கு. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 2 வரும். தண்ணீர் எங்கும் காணாமல் போகவில்லை. கொஞ்சம் அகலத்திலும் கொஞ்சம் ஆழத்திலும் தன்னை ஒளித்துக்கொண்டிருக்கிறது. மலையோடை சலசலவென்று வேகமாகவும் சமவெளி ஆறு மந்தமாகவும் ஓடுவதாக நமக்குப் படுகிறதே, இந்த அளவைகள் அதை ஏற்கவில்லை. கீழே போகப் போக சராசரி வேகம் குறையவில்லை, சிறிதளவு கூடத்தான் செய்கிறது.

அகலம் கைக்கு வந்துவிட்டால் வளைவுகளும் வந்துவிடும். சமவெளியில் நெளியும் ஆற்றில் ஒரு முழு வளைவின் நீளம் பெரும்பாலும் ஆற்றின் அகலத்தைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு. வளைவின் ஆரம் அகலத்தின் இரண்டு மூன்று மடங்கு. 50 மீட்டர் அகல ஆறு என்றால் ஏறக்குறைய 550 மீட்டருக்கு ஒருமுறை நெளிய வேண்டும். 1966இல் லாங்பெய்னும் லியோபோல்டும் இந்த நெளிவுக்கு ஓர் எளிய வாய்பாடு கொடுத்தார்கள். ஆற்றின் வழியே நடந்து போகிறவர் பார்க்கும் திசை சைன் அலைபோல மாறிக்கொண்டே போகிறது என்பதே அது. கோட்டையே சைன் அலையாக வரைந்தால் பாம்பு பொம்மை மாதிரி வரும். திசையை சைன் அலையாக மாற்றினால் அசல் ஆறு வரும். ஒரே ஒரு எண்ணைக் கூட்டினால் போதும், வளைவுகள் குண்டாகி, கழுத்து நெருங்கி, அறுந்து குதிரைக் குளம்பு ஏரியாகப் போகும் நிலைக்கு வந்துவிடும். ஒவ்வொரு வளைவிலும் வெளிக்கரை செங்குத்து, உள்கரை மணல் திட்டு. ஏன் அப்படி என்று 1926இல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கியவர் வேறு யாருமில்லை, ஐன்ஸ்டீன். கோப்பையில் தேநீரைக் கலக்கினால் தேயிலைத்தூள் ஓரத்துக்குப் போகாமல் அடியில் நடுவே வந்து குவிவதற்கும் ஆற்றின் மணல் உள்கரையில் சேர்வதற்கும் ஒரே சுழற்சிதான் காரணம் என்று காட்டினார்.

அடுத்து ஒரு கறாரான தொழில்நுட்ப விஷயம். பெருவில் உள்ள இக்கிடோஸ் நகரம் அமேசான் கரையில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீட்டர் உயரம். ஆற்று வழியே கடலுக்கு ஏறத்தாழ 3,600 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 3 சென்டிமீட்டர்கூட இறக்கமில்லை. 10 மீட்டர் கட்டத்துக்கு 0.3 மில்லிமீட்டர்! ஹைட்மேப்பை 8 பிட் படமாகச் சேமித்தால் உயரத்துக்கு 256 படிகள்தாம் கிடைக்கும். 2,560 மீட்டர் மலைநிலத்தில் ஒரு படி 10 மீட்டர். ஆறு மாடிப்படியில் இறங்கும். 16 பிட் என்றால் 65,536 படிகள், ஒரு படி 4 சென்டிமீட்டர். மலையோடைக்குப் போதும், அமேசானுக்குப் போதாது. ஆறு வேண்டுமென்றால் 32 பிட் தசம எண்களில் வேலை செய்வதே உத்தமம்.

இதுவரை சொன்னது எல்லாம் இருக்கும் மலையில் ஆற்றைத் தேடும் வேலை. அது அரைக்கிணறு தாண்டியது மாதிரிதான். ஆறு எங்கே போகும் என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டாலும் பள்ளத்தாக்கு அந்த ஆற்றுக்குப் பொருந்தாது. சின்ன ஓடை பிரம்மாண்டமான பள்ளத்தாக்கில் ஓடும், பெரிய ஆறு சந்தில் நுழையும். இயற்கையில் அப்படி இல்லை என்று எடின்பரோவைச் சேர்ந்த ஜான் பிளேஃபேர் 1802இலேயே எழுதியிருக்கிறார். துணையாறுகளின் பள்ளத்தாக்குகள் பெரிய ஆற்றின் பள்ளத்தாக்கில் சேருமிடத்தில் மட்டம் மிகச் சரியாகப் பொருந்துகிறது. பள்ளத்தாக்குகள் முன்பே இருந்து ஆறுகள் பிறகு வந்து குடியேறியிருந்தால் இப்படி ஒவ்வொரு சங்கமத்திலும் பொருந்துவதற்கு வாய்ப்பே இல்லை. ஆகவே ஒவ்வொரு பள்ளத்தாக்கும் அதில் ஓடும் ஆறு வெட்டியதே என்பது அவர் வாதம். பொருந்தாத இடங்களுக்கும் தனிக் கதை உண்டு. அமெரிக்காவின் யோசெமிட்டியில் பிரைடல்வெய்ல் அருவி 190 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அங்கே பெரிய பள்ளத்தாக்கை ஆழப்படுத்தியது பனியாறு. துணையாற்றின் பள்ளத்தாக்கு அந்தரத்தில் தொங்கிப்போனது.

எனவே அரிப்பு வேண்டும். 1989இல் கென் மஸ்கிரேவும் கோல்பும் மேஸும் ஃபிராக்டல் மலைமீது மழையைப் பெய்யவிட்டு மண்ணை அரிக்கும் நிரலை வெளியிட்டார்கள். இன்று பலரும் எழுதிப் பார்ப்பது துளி முறை. ஒரு துளியைக் கண்ட இடத்தில் போடு. அது சரிவில் இறங்கட்டும். வேகமும் சரிவும் அதிகமானால் மண்ணை அள்ளட்டும், குறைந்தால் படியவிடட்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகட்டும். இப்படி லட்சக்கணக்கான துளிகள். மலைச்சரிவுகள் அருமையாக மடிப்பு மடிப்பாக வரும். ஆறு வராது. துளியின் ஆயுள் சில பத்துக் கட்டங்களோடு முடிந்துவிடுகிறது. ஆறு என்பது பல்லாயிரம் கட்டங்களைத் தாண்டுவது. துளி முறையை நம்பி ஆற்றுக்குக் காத்திருப்பவர்கள் ஓடைப்பள்ளங்களோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

திருப்பம் வந்தது மலையை முதலில் செய்யும் பழக்கத்தைக் கைவிட்டபோது. 2013இல் ஜெனவோவும் அவருடைய குழுவினரும் வரிசையையே மாற்றினார்கள். நிலத்தின் எல்லையை வரை. கடற்கரையில் முகத்துவாரங்களைக் குறி. அங்கிருந்து உள்நோக்கி, மேல்நோக்கி ஆற்றுவலையை வளர்த்துக்கொண்டு போ. ஆறுகள் நிற்க வேண்டிய உயரங்கள் முடிவான பிறகு அவற்றுக்கு இடையில் மலையை நிரப்பு. 1988இலேயே கெல்லியும் மாலினும் நீல்சனும் ஓடையிலிருந்து தொடங்கி நிலத்தைக் கட்டிப் பார்த்திருந்தார்கள். அப்போது யாரும் பெரிதாகத் தொடரவில்லை. 2016இல் கார்டோனியே குழு இன்னும் ஒரு படி மேலே போனது. பயனர் வரைவது மலையையும் இல்லை, ஆற்றையும் இல்லை. பூமியின் மேலோடு எங்கே எவ்வளவு வேகமாக உயர்கிறது என்பதை மட்டும். அறுக்கும் வேகத்துக்குப் புவியியலாளர்களின் வாய்பாடு ஒன்று: வடிநிலப் பரப்பின் வர்க்கமூலத்தைச் சரிவால் பெருக்கி, பாறையின் மென்மையைக் குறிக்கும் எண்ணாலும் பெருக்கினால் ஏறக்குறைய வந்துவிடும். கீழிருந்து நிலம் உயர, மேலிருந்து ஆறு அறுக்க, இரண்டும் சமமாகும் இடத்தில் நிலப்பரப்பு நிலைகொள்கிறது. சமநிலையில் வடிநிலம் நான்கு மடங்கானால் சரிவு பாதியாகும். நூறு மடங்கானால் பத்தில் ஒரு பங்காகும். தலைப்பகுதியில் செங்குத்தாகவும் முகத்துவாரத்தில் தட்டையாகவும் ஆறு வளைந்து இறங்குவது யாரும் வரையாமலே வந்துவிடுகிறது. சங்கமங்களில் பிளேஃபேர் கேட்ட மட்டப் பொருத்தமும் கூடவே வருகிறது.

இங்கே நம் வாசகர் ஒருவர் கைதூக்குவார்: ஆறுகள் சேர்ந்துகொண்டே போகும் என்கிறீர்களே, காவிரி முக்கொம்பில் கொள்ளிடத்தையும் கல்லணையில் வெண்ணாற்றையும் பிரித்துவிடவில்லையா? பிரிகிறது. டெல்டாவில் வண்டல் படிந்து ஆற்றுப்படுகை சுற்றுவட்டாரத்தைவிட உயர்ந்துவிடும். வெள்ளத்தில் கரையை உடைத்துக்கொண்டு புது வழி பிடிக்கும். காவிரியில் அந்தப் பிரிவுகளை மனிதர் அணை கட்டி முறைப்படுத்தியும் வைத்திருக்கிறார்கள். டெல்டாவுக்கு வெளியே ஆறு பிரிந்து இரு வடிநிலங்களுக்குப் போவது அபூர்வத்திலும் அபூர்வம். வெனிசுவேலாவில் ஒரினோகோவிலிருந்து பிரிந்து 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அமேசான் வடிநிலத்தில் சேரும் காசிகியாரே அப்படிப்பட்டது. இயற்கையியலாளர் ஹம்போல்ட் 1800இல் படகில் போய் உறுதிசெய்துகொண்டு வந்தார். கற்பனை உலக வரைபடங்களிலோ அடிக்கடி ஆறு மலையுச்சியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்கு ஓடுகிறது. ஒரு கட்டம், ஒரு திசை என்ற டி8 முறையில் பிரிவுக்கு இடமே இல்லை. அதனால் டெல்டா இன்றுவரை பெரும்பாலும் கைவேலைதான். இந்த மென்பொருள்களின் ஆகப் பெரிய ஓட்டையும் அதுதான்.

ஆகவே, திரையில் ஆறு வேண்டும் என்று உட்காருபவர்கள் மலைப் பொத்தானில் முதலில் கை வைக்காதீர்கள். கடல் மட்டத்தைத் தீர்மானியுங்கள், முகத்துவாரத்தில் புள்ளி வையுங்கள், அங்கிருந்து மேலேறிப் போங்கள். வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு சங்கமத்தில் கேமராவை இறக்கி இரண்டு ஆறுகளின் மட்டமும் சேர்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால், அங்கே ஒரு காலத்தில் பனியாறு இருந்தது என்று சொல்ல முடிய வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ஆற்றை அழித்துவிட்டு முகத்துவாரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.